பில்லில் "டிப்ஸ்" ஏற்றுகிறார்களா? கொடுக்காதீங்க!

உடுமலைப்பேட்டை—

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில் தட்டில் அஞ்சோ பத்தோ வைப்பது நம்ம ஊர் வழக்கம். வைக்காவிட்டாலும் யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை.

பெரிய நகரங்களில் கதையே வேறு! சில ஓட்டல்களில் "சர்வீஸ் சார்ஜ்" என்று பில்லிலேயே ஏற்றி விடுகிறார்கள். 10 சதவீதம் என்றால் 1,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் கூடுதல். "ஏனுங்க, இது எதுக்கு?" என்று கேட்டால் "அது ரூல்ஸ் சார்" என்று பதில்.

ஐகோர்ட்டு தீர்ப்பு

அப்படி ஒரு ரூல்ஸே கிடையாது. 2022 ஜூலை 4-ந்தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த வசூலுக்குத் தடை போட்டது. ஓட்டல் முதலாளிகள் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டு அவர்கள் மனுவைத் தள்ளி, கட்டாய வசூல் கூடாது என்று தீர்ப்பளித்தது. தலா 1 லட்சம் ரூபாய் கட்டவும் உத்தரவிட்டது. சங்கங்கள் அப்பீலும் செய்தன.

கப்பலிலும் உண்டு

ஓட்டலோடு முடியவில்லை. வெளிநாட்டு சொகுசுக் கப்பல்கள் பலவற்றில், தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று டிப்ஸைக் கணக்கில் எழுதி விடுகிறார்கள். 4 பேர் 5 நாள் போனால் 20 மடங்கு! டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

சர்வருக்கு என்ன மிச்சம்?

பில்லில் ஏறும் பணம் முதலில் கல்லாவுக்குத்தான் போகிறது. அங்கிருந்து சர்வருக்கு எவ்வளவு இறங்கும் என்பது முதலாளி மனசைப் பொறுத்தது. சம்பளம் கொடுப்பது முதலாளி கடமை; டிப்ஸ் கொடுப்பது சாப்பிட்டவர் பிரியம். இரண்டையும் குழப்பினால் நஷ்டம் சர்வருக்கும் நமக்கும்தான்.

கொடுக்க நினைத்தால் சர்வர் கையிலேயே கொடுங்க. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்க. மறுத்தால் 1915-க்கு போன் போடுங்க!