உதட்டில் விரல் வைக்காத மௌனம்

அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் வட்டாரத்துப் பாலர் பள்ளிகளின் அட்மிஷன் நோட்டீஸ்களைப் பாருங்கள். அபாகஸ், ஃபோனிக்ஸ், கராத்தே வரிசையில் இப்போது ‘மைண்ட்ஃபுல்னஸ்’ (மூச்சையும் மனதையும் கவனிக்கும் பயிற்சி) என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. மயிலாப்பூரில் யுகேஜி பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியை நான். கோபம் வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது, பயந்துபோனால் மூச்சை எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது என்பதையெல்லாம் நாலு வயதிலேயே சொல்லித்தரலாம், சொல்லித்தர வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால், பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க நம்மிடம் ஏற்கெனவே ஏகப்பட்ட வழிகள் உண்டு. அந்தப் பட்டியலில் இதுவும் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு அமைதியைச் சொல்லித்தரும் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, மகன் மாரியோவுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அழைத்தவர் அன்றைய சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். அம்மையாருக்கு அப்போது 69 வயது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. அடுத்த ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசின் கணக்கில் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மாரியோவை முகாமில் அடைத்தார்கள். தாயார் சபை வளாகத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாளில் மகனை விட்டார்கள். 1946 வரை அவர் இந்தியாவில்தான் இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

அவருடைய கல்விமுறையில் ‘மௌன விளையாட்டு’ என்று ஒன்று உண்டு. 1907-ல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் பள்ளியைத் திறந்த காலத்தில் பிறந்தது அது. ஒருநாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நாலு மாதக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனார். இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறாள், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, உங்களால் இப்படி இருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் அசையாமல் மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

என் வகுப்பில் இதை இப்போதும் விளையாடுகிறோம். பாயை விரித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, “இப்ப நாம சத்தம் பிடிக்கப் போறோம்” என்பேன். முதலில் சிரிப்பு வரும். கால் உரசும். யாராவது தும்மினால் மறுபடி சிரிப்பு. நான் அதட்டுவதில்லை. தானாக அடங்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும்: தெருமுனையில் இளநீர் சீவும் கத்தி, மெட்ரோ வேலை நடக்கும் பக்கமிருந்து இயந்திரத்தின் உறுமல், எதிர்வீட்டுக் குக்கர், தலைக்கு மேல் ஃபேனின் டக் டக். நான் வாசலுக்கு வெளியே போய் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பேன். பெயர் காதில் விழுந்த பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து என்னிடம் வரவேண்டும். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நில்லாத பையன் ஒருவன், இரண்டு கைகளையும் தொடையில் அழுத்திக்கொண்டு கடைசிவரை காத்திருப்பான். ஒருமுறை ஒரு பெண் குழந்தை வந்து, “மிஸ், என் வயித்துக்குள்ள சத்தம் கேட்டுச்சு” என்றாள். விசாரித்தால், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேனில் ஏறியிருக்கிறாள்.

நம் பள்ளிகளில் காலங்காலமாக இன்னொரு மௌனமும் இருக்கிறது. “ஃபிங்கர் ஆன் லிப்ஸ்!” என்ற குரலுக்கு வரும் மௌனம். ‘பேசியவர்கள்’ என்று கரும்பலகையில் தலைப்புப் போட்டு, கிளாஸ் லீடர் பெயர் எழுதும் மௌனம். வராந்தாவில் நடந்துபோகும் தலைமையாசிரியருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிள்ளைக்குத் தெரியும் வித்தியாசம். என் வகுப்பில் விளையாடப் பிடிக்காதவர்கள் பின்னால் போய்ப் படம் வரையலாம். அந்த அனுமதி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மூச்சுப் பயிற்சியும் தண்டனைதான்.

மூளையைப் பற்றிச் சொல்வதும் கஷ்டமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் சீகல் பிரபலமாக்கிய வழி எளிது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடினால் அதுதான் மூளை. உள்ளே இருக்கும் கட்டைவிரல், ஆபத்து என்று மணியடிக்கும் அமிக்டலா. மேலே மூடியிருக்கும் விரல்கள், யோசித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி. கோபம் தலைக்கேறினால் விரல்கள் படக்கென்று திறந்துகொள்ளும். மூளை உண்மையில் இத்தனை சுலபமாகப் பிரிந்து வேலை செய்வதில்லை. ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். பெற்றோருக்குத்தான் இதில் கூடுதலாக ஒன்று தெரிய வேண்டும். அந்த முன்பகுதி முழுக்க முதிர 25 வயதுபோல ஆகிறது. யுகேஜி பிள்ளையிடம் “கன்ட்ரோல் பண்ணிக்கோ” என்று கத்துகிறோமே, அது இன்னும் வளர்ந்து முடியாத ஒன்றிடம் வேலை கேட்பது. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வயதில் பிள்ளை ஆறுகிறது.

மூச்சுக்கு நான் வைத்திருப்பது, கபாலீஸ்வரர் கோயில் மாடவீதியில் விற்கும் சோப்புக் குமிழி டப்பா. வேகமாக ஊதினால் குமிழி வளையத்திலேயே உடைந்துவிடும். நீளமாக, மெதுவாக ஊதினால்தான் பெரிதாக வரும். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். அதனால்தான் நீளமாக விடும் மூச்சு உடம்பைத் தணிக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால், மூச்சோடு பாடம் முடிந்துவிட்டால் ஆபத்து. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் கொஞ்ச நாளாகத் தொட்டதற்கெல்லாம் கையை ஓங்கிக்கொண்டிருந்தான். ஒரு மதியம் டிபன் டப்பாவைத் தூக்கி எறிந்தான். தயிர்சாதம் சுவர் முழுக்க. அவனைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். குமிழி ஊதினோம். தோள் இறங்கியது. வேறு யாராவது என்றால் அங்கேயே, “குட் பாய், ஸாரி சொல்லு” என்று அழைத்துப் போயிருப்பார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். “வேன்ல எல்லாரும் கருப்பா கருப்பான்னு கூப்பிடறாங்க மிஸ். டிரைவர் அண்ணாவும் சிரிக்கிறாரு” என்றான். அவன் கோபத்தில் தப்பு ஒன்றும் இல்லை. தணிக்க வேண்டியது அவனை அல்ல. திருத்த வேண்டியது அந்த வேனை. டிரைவரிடமும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களிடமும் பேசினோம். நியாயமான கோபத்தை விழுங்கப் பழக்குவதற்கு மூச்சுப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம்.

மூளை என்ற பெயரில் நம் ஊரில் விற்கப்பட்டவற்றையும் மறக்க முடியாது. ‘மிட்-பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் படிப்பார்கள் என்று பணம் வாங்கினார்கள். மூக்கோரம் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் பிள்ளை பார்க்கிறது. அப்பா அம்மா பூரித்துப்போய் வீடியோ எடுக்கும்போது, பார்த்தேன் என்று எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? பெற்றவர்களிடமே நடிக்கப் பழக்கிய கொடுமை அது.

நேர்மையான முயற்சிகளும் எல்லாம் பலித்துவிடவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 வயதைத் தாண்டிய எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ‘மிரியட்’ ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வழக்கமான வகுப்புகளைவிட மைண்ட்ஃபுல்னஸ் பாடத்தால் மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதல் நன்மை இல்லை என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. அதே ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் இன்னொன்று: பாடம் நடத்தப் பயிற்சி எடுத்த ஆசிரியர்களின் பணிச்சோர்வு குறைந்தது, பள்ளியின் சூழலே கொஞ்சம் மேம்பட்டது. அந்தப் பலனும் ஒரு வருடத்தில் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் எங்கே தொடங்க வேண்டும் என்று எனக்கு அது சொல்கிறது. டெல்லி அரசு 2018 ஜூலையில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்த மகிழ்ச்சிப் பாடத்திலும் எனக்குப் பிடித்தது, அதற்குத் தேர்வு வைக்கவில்லை என்பதுதான்.

வயிற்றுக்குள் சத்தம் கேட்ட பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். பசியோடு வந்த பிள்ளையிடம் அமைதி எதிர்பார்ப்பது அநியாயம். முதல்வரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது 2025 ஆகஸ்ட் 26-ல், இதே மயிலாப்பூரில்தான். உணர்ச்சிகளைக் கையாளும் கல்விக்கு அரசு செய்த மிகப் பெரிய உதவி அந்தக் காலை உப்புமாவும் பொங்கலும்தான் என்பேன். தூக்கமும் அப்படித்தான். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பதினொரு மணி வரை டிவி ஓடும் வீட்டிலிருந்து காலை ஏழு மணி வேனுக்கு வரும் பிள்ளை அழத்தான் செய்யும்.

பசிக்கும் தூக்கத்துக்கும் அடுத்தது, சொன்னால் கேட்க ஓர் ஆள். ராஜா அண்ணாமலைபுரத்தில், 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. அங்கே தொண்டர்கள் தருவது, குறுக்கிடாமல் கேட்கும் ஒரு காது. தேர்வு முடிவு வரும் நாட்களில் அந்த மாதிரி ஒரு காதுக்கு எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை பதினாறு வயதில் திடீரென்று வராது. “எனக்குப் பயமா இருக்கு” என்று நாலு வயதில் சொன்னபோது யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதில் அது தொடங்குகிறது.

எனவே, அட்மிஷனுக்குப் போகும்போது மைண்ட்ஃபுல்னஸ் பீரியட் உண்டா என்று கேட்காதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். மதியம் ஆசிரியைக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் உண்டா என்று கேளுங்கள். அழும் பிள்ளையோடு அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது மீதிப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். என் வகுப்பில் அதைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் ஆயாம்மா. அடுத்த பயிற்சி முகாமில் எனக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்குப் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.