கறுப்புக் காய்க்கு டிரா போதுமா?

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம். காரணம் நான்தான்.

பேத்திக்கு 11 வயது. செஸ் ஆடுகிறாள். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். முதல் மூன்று சுற்று நன்றாக ஆடினாள். நான்காவது சுற்றில் கறுப்புக் காய் வந்தது. 24 நகர்த்தலில் தோற்றுவிட்டாள். ஆடியது நான் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுத் தற்காப்பு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்வரை காரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கழற்றும்போது மகன் சொன்னான்: "கறுப்புன்னா டிரா பண்ணினாலே போதும்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஏம்ப்பா குழந்தைக்குச் சூதாட்டம் கத்துக் குடுக்கறீங்க?"

அன்று பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். செஸ்ஸும் அந்த மொழியிலேயேதான் கற்றேன். நாம் மந்திரி என்று சொல்லும் காய்க்கு பிரெஞ்சில் 'ஃபூ' என்று பெயர். பைத்தியம் என்றும் பொருள். நான் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன், அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டேன். பிரெஞ்சுத் தற்காப்புக்கு அந்தப் பெயர் வந்தது 1834இல் லண்டனும் பாரிஸும் கடிதம் மூலம் ஆடிய போட்டியால். லண்டன் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. பாரிஸ் தன் சிப்பாயை ஒரே கட்டம் தள்ளியது. பார்த்தால் பயந்த நகர்த்தல் போல இருக்கும். உள்ளே அப்படி இல்லை.

அதில் வினாவர் என்று ஒரு கிளை உண்டு. போலந்துக்காரர் ஒருவரின் பெயர். கறுப்பு தன் மந்திரியைக் கொடுத்து வெள்ளையின் குதிரையை எடுக்கும். அதனால் வெள்ளையின் இரண்டு சிப்பாய்கள் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். பதிலுக்கு வெள்ளை ராணி பாய்ந்து வந்து கறுப்பு ராஜா பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டைப் பறிக்கும். அந்த நேரத்தில் கறுப்பு நடுப்பலகையை உடைக்கும். இவனிடம் இருப்பது அவனிடம் இல்லை, அவனிடம் இருப்பது இவனிடம் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் உல்மான் இந்தத் தற்காப்பை வாழ்நாள் முழுக்க ஆடினார். அவரைச் சூதாடி என்று யாரும் சொன்னதில்லை.

"டிரா போதும்" என்பதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. பள்ளிப் போட்டியில் ஏறக்குறைய பாதி ஆட்டம் கறுப்பில்தான் வரும். அதிலெல்லாம் அரைப் புள்ளி போதும் என்று உட்கார்ந்தால் முன்வரிசைக்குப் போக முடியாது. அதைவிட முக்கியம், டிராவுக்கென்று ஆடுகிறவனுக்கு டிராவும் கிடைப்பதில்லை. ஒதுங்கி ஒதுங்கி இடம் குறைந்து, 50ஆவது நகர்த்தலில் மூச்சுமுட்டித் தோற்பான். 24இல் தோற்றால் எங்கே தவறினோம் என்றாவது தெரியும்.

நம் பிள்ளைகளே இந்தக் கறுப்பிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். 1995இல் நியூயார்க்கில் உலகப் பட்டப் போட்டி. முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். அடுத்ததில் காஸ்பரோவ் சமன் செய்தார். பதினோராவதில் கறுப்புக் காயில் சிசிலியன் டிராகனை எடுத்தார். இரண்டு பக்கமும் கத்தியோடு நிற்கும் ஆட்டம் அது. அதில் ஜெயித்தவர், பதிமூன்றாவதிலும் அதையே ஆடி ஜெயித்தார்.

என் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது டிங் லிரென் கதை. 2023 உலகப் பட்டப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் பிரெஞ்சுத் தற்காப்பு ஆடி, நேரம் போதாமல் தோற்றார். அதை மூட்டை கட்டி வைத்தாரா? 2024 நவம்பர் 25, சிங்கப்பூரில் நம் குகேஷுடன் முதல் ஆட்டம். கறுப்புக் காய். அதே பிரெஞ்சுத் தற்காப்பு. 42 நகர்த்தலில் ஜெயித்தார். குகேஷும் சளைக்கவில்லை. 14ஆவது ஆட்டத்தில் அவரிடம் கறுப்புக் காய். டிரா ஆகிவிடும் என்று எல்லோரும் நினைத்த நிலையில் விடாமல் ஆடி, 18 வயதில் பட்டம் வாங்கினார்.

மகன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழனியிலிருந்து கொடைக்கு ஏறும் பாதையில் வெளியூர் டிரைவர் வந்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வியர்க்கும். தினம் பஸ் ஓட்டுகிறவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவார். வளைவு ஒன்றேதான், தெரிந்தவருக்கு ஒரு மாதிரி, தெரியாதவருக்கு வேறு மாதிரி. பேத்திக்கு முதல் ஒன்பது நகர்த்தல் மனப்பாடம். பிறகு ராணிப் பக்கம் கோட்டை கட்ட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. அவள் ராஜாவை நடுவில் நிறுத்திவிட்டு ஒரு சிப்பாயைப் பறிக்கப் போனாள். தப்பு என் பேரில். பாதி வழி காட்டிவிட்டு மலையில் இறக்கிவிட்டது போல ஆகிவிட்டது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் 34 வருஷம் டிராவுக்கு ஆடியவன். எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாக ஓய்வு பெற்றேன். துறைத் தேர்வு ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; பிரெஞ்சில் படித்தவனுக்குக் கை நடுங்கும். அடுத்த வருஷம் எழுதலாம், அடுத்த வருஷம் எழுதலாம் என்று தள்ளினேன். என்னைவிட மோசமான ஆங்கிலம் எழுதியவர்கள் எழுதித் தோற்று, மறுபடி எழுதி சூப்பரின்டென்டென்ட் ஆனார்கள். நான் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. எழுதினால்தானே தோற்க?

இப்போது தினம் சாயங்காலம், பனி இறங்குவதற்கு முன், அந்தத் தோற்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்க்கிறோம். பத்தாவது நகர்த்தலிலிருந்து தொடங்குகிறோம். ஏன் இந்தக் காய் இங்கே என்று நான் கேட்பேன், அவள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அடுத்த போட்டியில் அதை ஆடக்கூடாது. இது மகன் போட்ட நிபந்தனை. நானும் ஒத்துக்கொண்டேன்.

அவன் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. நேற்று காபி டம்ளரோடு வந்து ஓரமாக நின்று பார்த்தான். "அந்தக் குதிரையை ஏன் அங்கே வைக்கிறே?" என்று கேட்டான். பதிலைப் பேத்திதான் சொன்னாள்.