திமிங்கிலத்தின் தாளமும் மனிதனின் நெடுங்கணக்கும்

விந்துத் திமிங்கிலங்கள் தம்முள் உறவாடும்போது எழுப்பும் 'கிளிக்' ஒலிகள் ஒழுங்கான தாளக் கோவைகளாக அமைவன. 1977இல் வொட்கின்ஸ், ஷெவில் ஆகிய இருவரும் இவற்றுக்குக் 'கோடா' எனப் பெயரிட்டனர். டொமினிக்கா தீவை அடுத்த கடலிற் பதிவுசெய்யப்பெற்ற 8,719 கோடாக்களைக் கணினித் துணையுடன் ஆராய்ந்தோர், அவற்றில் 18 தாள வகைகளையும் 5 விரைவு வகைகளையும் இனங்கண்டு, 2024இல் வெளியிட்டனர். இவற்றோடு சிறு நீட்டல் குறுக்கல்களும் மேலதிக ஒலியும் சேர, கோவைகள் பல்கிப் பெருகுகின்றன. இவ்வமைப்பை அவர்கள் 'ஒலி நெடுங்கணக்கு' என்றனர். பத்திரிகைகளோ திமிங்கில மொழியின் அரிச்சுவடியே கைக்கு வந்துவிட்டதென ஆரவாரித்தன.

இப்பெயர் ஏற்புடையதன்று என்பதே எமது வாதம். ஒலிகளை வகைப்படுத்தியமை அரிய பணி. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், வகைப்பாடு வேறு, எழுத்து வேறு. 'கல்' என்பதும் 'கால்' என்பதும் ஒரு மாத்திரையால் வேறுபடுகின்றன. அம்மாத்திரை எழுத்தை வேறாக்குவது அளவுகோல் அதனைக் காட்டுவதனாலன்று. கேட்போன் வேறு பொருள் கொள்வதனாலேயே. திமிங்கிலத்தின் தாளம் மாறும்போது கேட்கும் திமிங்கிலம் வேறு பொருள் கொள்கின்றதா? அது நிறுவப்படாதவிடத்து, அப்பதினெட்டும் ஆய்வாளர் வகுத்த பிரிவுகளேயன்றித் திமிங்கிலத்தின் எழுத்துகளாகா.

பெயர் வெறும் உருவகந்தானே எனச் சிலர் கூறலாம். அன்று, உருவகம் ஆய்வின் திசையையே தீர்மானிக்கின்றது. இரு ஒலிகள் மெதுவாகவும் மூன்று விரைவாகவும் வரும் கோடா கிழக்குக் கரிபியன் குலத்துக்கே சிறப்பாக உரியது. பசிபிக்கிலும், ஒரே கடற்பரப்பிற் சஞ்சரிக்கும் குலங்கள் கோடாக்களால் வேறுபடுவதோடு, ஒன்றோடொன்று கலவாதும் வாழ்கின்றன என்பதை 2003இல் றெண்டலும் வைற்ஹெட்டும் காட்டினர். ஆகவே, சான்றுகள் வலுவாக உணர்த்துவது குல உறவையே. அரிச்சுவடியைத் தேடுவோன் சொல்லையும் வாக்கியத்தையுமே அடுத்துத் தேடுவான். கண்முன்னுள்ள உறவைக் காணத் தவறுவான்.

இதனினும் பாரதூரமான தீங்கொன்று உண்டு. எம்மைப்போற் பேசும் உயிரே பேணத்தக்கது என்ற எண்ணம் இப்பெயரினுள் மறைந்துள்ளது. 1970இல் றொஜர் பெய்ன் வெளியிட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாடல் இசைத்தட்டு உலகின் பரிவைத் தூண்டிற்று. வணிகத் திமிங்கில வேட்டையை இடைநிறுத்தும் தீர்மானம் 1982இல் நிறைவேறிற்று. அன்று எவரும் திமிங்கிலத்திடம் நெடுங்கணக்குக் கேட்கவில்லை. இன்று மட்டும் அதனைக் கேட்பதேன்? நாளை அவ்வொலிகள் மொழியல்ல என நிறுவப்படின், அவற்றைப் பேணும் கடமையும் அற்றுப்போகுமா?

தாளத்தைத் தாளமென்றே அழைப்போம். பொருள் உண்டெனின், அதனைக் கேட்கும் திமிங்கிலத்தின் நடத்தையே எமக்குக் காட்டட்டும்.