விளையாட்டு வீரர் ஊதியம்: ஒரு பொருளியல் நோக்கு

உழைப்புக்கேற்ற ஊதியம் என்பது நாம் அனைவரும் ஒப்புக்கொண்டுவிட்ட நீதி. அந்த நீதியை நாட்டு நடப்போடு ஒப்பிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் நடைபெற்ற ஐ.பி.எல். ஏலத்தில், ரிஷப் பந்த் என்னும் ஆட்டக்காரரை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆண்டில் ஏறத்தாழ இரண்டு திங்கள் நடைபெறும் போட்டிக்குரிய தொகை அது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் தம் பணிக்காலம் முழுவதும் ஈட்டுவதைக் கூட்டினாலும் இதன் அருகே வாராது. ‘பந்தை அடிப்பதற்கா இவ்வளவு?’ என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும், ‘அவர் திறமைக்கு அது தகும்’ என்று மாணவர்கள் வாதிடுவதும் நாம் நாளும் காணும் காட்சி. இரு சாராரும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றனர் என்பது என் கருத்து.

மனிதன் ஈட்டும் பொருள் அவனது உழைப்பின் மதிப்பே என்பதை விரிவாக ஆராய்ந்தவர் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்தூன். ‘முகத்திமா’ என்னும் தம் பெருநூலில், செழித்த நகரங்களில்தான் கலைகளும் கைவினைகளும் வளர்கின்றன என்றும், வேண்டுவோர் மிகும்போதே அவற்றின் மதிப்பு உயர்கிறது என்றும் அவர் விளக்கினார். 1776இல் ஆடம் ஸ்மித் இதே பொருளை வேறு வழியில் தொட்டார். நடிகர்களும் இசைநாடகப் பாடகர்களும் பெரும் ஊதியம் பெறுவதற்கு இரண்டு காரணங்கள் கூறினார்: திறமையின் அருமை ஒன்று, அத்தொழிலைச் சமூகம் இழிவாகக் கருதியமை மற்றொன்று. இழிவு நீங்கினால் பலரும் அத்தொழிலுக்கு வருவர், ஊதியம் குறையும் என்பது அவர் கணிப்பு.

இன்று இழிவு முற்றிலும் நீங்கிவிட்டது. பள்ளிப்பையைவிடப் பெரிய மட்டைப்பையைச் சுமந்து செல்லும் சிறுவனைப் பெற்றோரே பயிற்சிக்கு அழைத்துச் செல்கின்றனர். ஆயினும் உச்சியில் ஊதியம் பன்மடங்கு ஏறியிருக்கிறது. ஸ்மித் பிழைபட்டாரா? இல்லை. அவர் காலத்தில் தொலைக்காட்சி இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள ஆழ்வார்பேட்டையை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. டி.டி.கே. சாலையிலுள்ள நாரத கான சபா போன்ற மன்றங்களில் மார்கழித் திங்களில் நடப்பதைப் பாருங்கள். நண்பகலில் இளங்கலைஞர் பாடுவார். நுழைவுக் கட்டணம் இராது, இருக்கைகளும் நிரம்பா. மாலையில் புகழ்பெற்ற வித்துவான் பாடுவார், சீட்டுக் கிடைக்காது. இருவருக்கும் இடையே ஞானத்தில் உள்ள தொலைவு சிறிதே ஆயினும் சன்மானத்தில் உள்ள தொலைவு பெரிது. ஏனெனில் சற்றே சிறந்த ஒருவரைக் கேட்க வாய்ப்பிருக்கும்போது, இரண்டாமவரை இருமுறை கேட்டு ஈடுசெய்ய எவரும் விரும்புவதில்லை. ஆனால் வித்துவானின் வருவாய்க்கு அரங்கத்தின் நான்கு சுவர்களே எல்லை. சேப்பாக்கத்தில் ஆடுபவருக்கு அந்தச் சுவர் இல்லை. அரங்கில் சில பல்லாயிரவர். திரையில் பல கோடிப் பேர். ஒருவர் பார்ப்பதால் மற்றவருக்குக் காட்சி குறைவதுமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஷெர்வின் ரோசன் 1981இல் எழுதிய கட்டுரையில் நிறுவியது இதுவே: சந்தை விரிய விரிய, திறமையின் சிறு வேறுபாடு ஊதியத்தில் மலையளவு வேறுபாடாகிறது.

நம் நாட்டுக் கிரிக்கெட்டின் கதை இக்கோட்பாட்டுக்கு எழுதிய உரை போலவே இருக்கிறது. 1983இல் உலகக்கோப்பையை வென்று திரும்பிய அணிக்குப் பரிசளிக்க வாரியத்திடம் பணமில்லை; தில்லியில் லதா மங்கேஷ்கர் இசை நிகழ்ச்சி நடத்தித் திரட்டிக் கொடுத்த நிதியிலிருந்துதான் ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றனர். 1995இல் வானலைகள் பொதுச் சொத்து, அவற்றின்மீது அரசு ஒளிபரப்புக்குத் தனியுரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே ஒளிபரப்பு உரிமை என்னும் சுரங்கம் முழுதாகத் திறந்தது. 2008இன் முதல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை அணி மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தபோது நாடே வியந்தது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். மேற்படி தொகையை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 9,678 கோடி. 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஓர் அணி ஆட்டக்காரருக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு, ஆட்டக் கட்டணம் முதலிய அனைத்தையும் சேர்த்து 146 கோடி. பத்து அணிகளுக்கும் 1,460 கோடி. அதாவது, ஒளிபரப்பு வருவாயில் மட்டும் ஆறில் ஒரு பங்கைக்கூட ஆட்டக்காரர் பெறவில்லை. விளம்பர ஆதரவும் நுழைவுச்சீட்டு வருவாயும் இக்கணக்கில் சேரா. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் வருவாயில் ஏறத்தாழப் பாதி ஆட்டக்காரருக்கு என்பது தொழிற்சங்க உடன்படிக்கை. நம் நாட்டு ஆட்டக்காரருக்கு அத்தகைய வலுவான சங்கம் இல்லை. எந்த ஊருக்கு ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஏலத்தில் இல்லை. 2007இல் இந்தியன் கிரிக்கெட் லீக் என்ற போட்டி அமைப்பு தோன்றியபோது அதில் சேர்ந்தவர்களை வாரியம் விலக்கி வைத்தது. 2009இல் அதைவிட்டு வந்தவர்களுக்கு மன்னிப்பு அளித்தது. வாங்குபவர் ஒருவரே என்றால் விற்பவர் சொல்லும் விலை எடுபடாது அன்றோ! (இடையே ஒரு வியப்பு: 2023இல் தொடங்கிய மகளிர் லீக்கில் முதலாண்டு உச்சவரம்பு அணிக்கு 12 கோடிதான், ஐந்து அணிகளுக்கு 60 கோடி. ஆனால் அதன் ஒளிபரப்பு உரிமை ஐந்தாண்டுக்கு 951 கோடியே என்பதால், மகளிர் பெற்ற விகிதம் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது.)

எனவே பொருளியல் நோக்கில் விடை தெளிவு. 27 கோடி என்பது மிகையான ஊதியமன்று. ஆட்டக்காரர் ஈட்டித் தருவதோடு ஒப்பிட்டால் குறைந்த ஊதியம் என்றே கூறலாம். அதைக் குறைத்தால் மிச்சம் பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ போகாது. அணி உரிமையாளரின் பைக்கே போகும். முகம் சுளிக்கும் பெரியவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன். மேலும், இப்பணம் பரம்பரைச் செல்வமும் அன்று. 2017 ஏலத்தில் ஐதராபாத்து ஆட்டோ ஓட்டுநரின் மகன் முகமது சிராஜ் 2.6 கோடி பெற்றதும், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் எளிய குடும்பத்துப் பிள்ளை த. நடராஜன் 3 கோடி பெற்றதும் கண்கூடு. நடராஜன் தம் ஊரிலேயே மைதானம் அமைத்து, 2023இல் அது திறக்கப்பட்டது.

இனி அறத்தின் பக்கம். இஸ்லாமிய நெறி ஈட்டலுக்கு உச்சவரம்பு விதிப்பதில்லை. பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்னும் இரண்டு வினாக்களையே எழுப்புகிறது. செலவின் வினாவுக்கு ஸக்காத் ஒரு விடை. ஈட்டலின் வினாதான் இங்கே கடினமானது. இவ்விளையாட்டில் புரளும் பணத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? 2013ஆம் ஆண்டுச் சூதாட்ட விவகாரத்தால், 2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டாண்டு நீக்கி வைத்ததை மறந்திருக்க மாட்டோம். அது மறைவில் நடந்த சூது. பின்னர் வெளிப்படையாகவே பந்தயத்துக்கு நெருங்கிய கைப்பேசிச் செயலிகள் விளம்பரப் பலகைகளை நிறைத்தன. 2023 முதல் இந்திய அணியின் மார்பிலேயே ட்ரீம்11 என்ற பெயர் இருந்தது. அது திறமை விளையாட்டே என்று நீதிமன்றங்கள் கூறியதுண்டு. ஆயினும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்ததும், திருமறை மதுவோடு சேர்த்து விலக்கியதும் ஆகிய சூதின் வாயிலாக ஏழை இளைஞனின் சட்டைப்பையிலிருந்து வந்த காசுக்குச் சந்தை நியாயம் பேசுவது பொருந்தாது. ஊதியத்தின் அளவன்று, ஊற்றுக்கண்ணே என் மனத்தை உறுத்துகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. சந்தை அளப்பது திறமையை அன்று, பார்வையாளரின் எண்ணிக்கையை. 2024இல் வடசென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் பதினேழு வயதுப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது, நன்று. ஆனால் கேரத்துக்கு ஏலமில்லை, ஒளிபரப்பு உரிமையில்லை. உலகிலேயே தலைசிறந்தவர் என்பது சந்தைக்கு ஒரு பொருட்டாகவில்லை. எட்டு முறை ஒலிம்பிக் தங்கம் தந்த ஹாக்கியின் நிலை என்ன? 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி லீக் ஏலத்தில் அதிகத் தொகைக்குப் போனவர் இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங். தொகை 78 லட்சம். பந்த் பெற்றது அதைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு. கிரிக்கெட் வாரியமோ தன்னை அறப்பணி அமைப்பு என்று கூறி வருமான வரிவிலக்குக் கோருவது. தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. அறப்பணி என்பது உண்மையானால், பொதுச் சொத்தாகிய வானலையில் விளைந்த பணத்தில் ஒரு பங்கு ஏனைய விளையாட்டுகளுக்குச் சட்டப்படி செல்ல வேண்டுமெனக் கேட்பதில் என்ன தவறு?

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜித்தா ஏலத்துக்குப் பெயர் பதிந்தோர் 1,574 பேர். விலைபோனோர் 182 பேர். பதிந்தோரே பல்லாயிரவரில் வடிகட்டப்பட்டவர்கள் என்பதை நினைவிற் கொள்க. முன்பு சென்னை லீக்கில் ஆடியவர்களுக்கு வேறொரு அரண் இருந்தது. ஸ்டேட் வங்கி, இரயில் பெட்டித் தொழிற்சாலை, தனியார் ஆலைகள் எனப் பல நிறுவனங்கள் அணிகளை வைத்திருந்தன. ஆட்டக்காரருக்கு வேலையும் கொடுத்தன. ஆழ்வார்பேட்டையின் பெயரைத் தாங்கிய சங்கமும் அந்த லீக்கில் ஆடி வந்ததே. முற்பகல் அலுவலகம், பிற்பகல் பயிற்சி. இந்திய அணிக்குப் போகாதவர் அதிகாரியாக ஓய்வு பெற்றார். ஊதியம் சிறிது, ஆனால் தோற்றவருக்கும் அது இருந்தது. அந்த வாயில் இன்று குறுகிவிட்டது. மேலே கோடிகளும், கீழே வெறுமையும் நிற்கின்றன.

விலைபோகாத 1,392 பேரின் கணக்கை ஏலமேடை வைத்துக்கொள்வதில்லை. அக்கணக்கு கல்லூரிகளின் பொறுப்பு. மாநில அளவில் ஆடும் மாணவன் பருவத்தேர்வைத் தவறவிட்டால் அதே ஆண்டில் மறுதேர்வு, வருகைப் பதிவில் விலக்கு, இருபத்தைந்து வயதில் ஆட்டம் கைவிட்டபின் விட்ட படிப்பைத் தொடர ஓர் இடம் ஆகிய மூன்றையும் நம் கல்லூரி நிர்வாகங்கள் விதியாகவே எழுதி வைக்கலாம். ஸக்காத், ஸதகா நிதியிலிருந்து கல்வி உதவி வழங்கும் அறக்கட்டளைகள், தகுதியுடைய ஏழை மாணவருள் களத்தில் காயமுற்றுத் திரும்பியவனையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.