பொதுப்பெட்டிக்கும் வேண்டும் 45 பைசா காப்பீடு

தீபாவளி, சத் பூஜை, பொங்கல் என்று விடுமுறை நெருங்கினால் சென்னையை அடுத்த தொழிற்பகுதிகளான வல்லக்கோட்டையும் ஒரகடமும் காலியாகத் தொடங்கிவிடும். பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டுமே 18,720 பெண்கள் தங்க இடமுண்டு. தென்மாவட்டத்துக்காரர்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் கிளம்ப, ஒடிசா, பிகார், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் சென்னை சென்ட்ரலுக்கு மூட்டைமுடிச்சோடு போகிறார்கள். ஊருக்குப் போய்வர இன்ஷூரன்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கேள்வி நியாயமானதுதான். ஆனால், தேவையில்லாதவர் தலையில் அதைக் கட்டுவதற்கு ஆள் இருக்கிறது. தேவைப்படுகிறவர் கேட்டாலும் கிடைப்பதில்லை. நம் நாட்டுப் பயணக் காப்பீட்டின் கோளாறு இதுதான்.

ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் டிக்கெட் எடுப்பவர் 45 பைசா கூடுதலாகக் கொடுத்தால் விபத்துக் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ஏழரை லட்சம் வரை, மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. 2016 செப்டம்பரில் 92 பைசாவுக்கு அறிமுகமான திட்டம் இது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் டிக் செய்வதோடு வேலை முடிந்துவிடாது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எஸ்எம்எஸ் வரும். அதிலுள்ள லிங்க்கில் போய் நாமினி பெயரைப் பதிய வேண்டும். விளம்பரம் என்று நினைத்து அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பிரவுசிங் சென்டரில் டிக்கெட் எடுக்கும்போது அவசரத்துக்குக் கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டால் செய்தி பயணிக்கு வந்தே சேராது. நாமினி பதியாத குடும்பம், துக்கத்துக்கு நடுவே வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.

இந்த வசதியும் எல்லோருக்கும் இல்லை. கவுன்ட்டர் டிக்கெட்டுக்குக் கிடையாது. முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவருக்கும் கிடையாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எஞ்சினை ஒட்டியிருந்த பொதுப்பெட்டிகள் உருக்குலைந்தன. வேலை தேடித் தெற்கே வந்த ஏழைத் தொழிலாளர்கள் அவற்றில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். முன்பதிவுப் பட்டியலில் பெயரில்லாததால் அவர்களை அடையாளம் காண்பதே பெரும்பாடானது. யாரும் உரிமை கோராத 28 உடல்கள் அந்த அக்டோபரில்தான் புவனேஸ்வரத்தில் தகனம் செய்யப்பட்டன. ஆபத்து மிகுந்த பெட்டியில் காப்பீடு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

பொதுப்பெட்டிப் பயணியைச் சட்டம் கைவிட்டுவிடவில்லையே என்று ரயில்வே சொல்லலாம். உண்மைதான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, ரயில் விபத்தில் பயணி இறந்தால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. உடலருகே டிக்கெட் இல்லை என்பதற்காக மட்டும் உரிமையை மறுக்க முடியாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் இழப்பீட்டுக்கு ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். பெரும்பாலும் வக்கீலும் வைக்க வேண்டியிருக்கும். கருணைத்தொகையோ ஆள்பவர்களின் மனத்தைப் பொறுத்தது. பாலசோர் நடந்தபோது விதிப்படியான தொகை வெறும் 50,000 ரூபாய். அறிவிக்கப்பட்டது 10 லட்சம். நாடே பார்த்த விபத்துக்குக் கிடைத்த தாராளம், நாலு வரிச் செய்தியாகிப் போகும் விபத்துக்கும் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்?

ரயிலில் தேவைப்படுகிறவருக்குக் காப்பீடு கிடைப்பதில்லை; விமான டிக்கெட் தளங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். காப்பீடு வேண்டாம் என்றால், ‘பாதுகாப்பில்லாமலே போகிறேன்’ என்கிற மாதிரி ஒரு பட்டனை அழுத்த வைப்பார்கள். இப்படிப் பயணியைக் கூச வைத்து விற்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. மருத்துவக் காப்பீடும் ஆண்டு விபத்துக் காப்பீடும் வைத்திருப்பவருக்கு உள்நாட்டில் இரண்டு மணி நேர விமானப் பயணத்துக்குத் தனிப் பாலிசி அநாவசியம். கேதார்நாத், லடாக் என்று பெருந்தொகையை முன்கூட்டியே கட்டிவிட்டு, பயணம் ரத்தானால் கையைக் கடிக்கும் என்ற நிலையில் இருப்பவர் மட்டும் விதிமுறைகளைப் படித்துவிட்டு வாங்கலாம்.

கம்பெனியில் இஎஸ்ஐ இருக்கிறதே என்று தொழிலாளர்கள் தெம்பாக இருந்துவிடவும் முடியாது. அதன் ஊன உதவித்தொகையும் சார்ந்தோர் உதவித்தொகையும் வேலையிடத்து விபத்துக்கும் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் உரியவை. பொங்கலுக்குத் திருநெல்வேலி போகும் பயணம் அதில் சேராது. பைக் பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய்க் காப்பு, லைசென்ஸ் வைத்து வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கானது. பின்னால் உட்கார்ந்து வரும் அறைத்தோழருக்கு அது உதவாது.

எனவே டிக்கெட்டை நம்பாமல் ஆளின் பெயரிலேயே காப்பீடு இருப்பதுதான் நல்லது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே சேரலாம். ரயிலோ, பஸ்ஸோ, பைக்கோ, எதில் போனாலும் செல்லும். தொகை போதாது, அதனால்தான் தொழிற்சாலைகள் 24 மணி நேரமும் செல்லுபடியாகும் குழு விபத்துக் காப்பீட்டை நிரந்தர ஊழியருக்கு மட்டுமன்றி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எடுத்துத் தர வேண்டும் என்கிறோம். அவர்கள் போய்த் திரும்பி வந்தால்தான் இங்கே லைன் ஓடும்.

ரயில்வே செய்ய வேண்டியது இன்னும் எளிது. கவுன்ட்டர் டிக்கெட்டுக்கும் பொது டிக்கெட்டுக்கும் 45 பைசா காப்பீட்டை விரிவாக்கி, செலவைத் தானே ஏற்க வேண்டும். டிஜிட்டல் பரிவர்த்தனையை வளர்க்க 2017 டிசம்பர் முதல் 2018 ஆகஸ்ட் வரை ஆன்லைன் பயணிகளுக்கு இதை இலவசமாகவே கொடுத்தார்கள். கார்டில் பணம் கட்டியவருக்குக் காட்டிய சலுகையைக் கவுன்ட்டரில் கால்கடுக்க நிற்பவருக்கும் காட்டலாம். பொதுப்பெட்டியில் யார் ஏறினார் என்று தெரியாதே என்பது சாக்கு. செயலியில் எடுத்த டிக்கெட்டில் மொபைல் எண் இருக்கிறது. கவுன்ட்டரில் எடுத்தவருக்கு, ரீனா தேவி வழக்கில் ஏற்கப்பட்டதுபோல, பயணம் செய்ததற்குப் பிரமாணப் பத்திரம் தரும் முறையே போதும். அடுத்த பண்டிகைக் கூட்டம் சென்ட்ரலில் சேருமுன் ரயில்வே வாரியம் ஆணை பிறப்பிக்கட்டும்.