குரங்குப் பந்து உருட்டினா சர்ஜன் ஆயிடலாமா?

1/ "வீடியோ கேம் ஆடுற புள்ளைங்கதான் நல்ல சர்ஜன் ஆவாங்களாம், அமெரிக்காவுல ஆராய்ச்சியே பண்ணிட்டாங்க." பல வருஷமா சுத்துற பேச்சு இது. மூணு வயசுக் குழந்தை கையில போனைக் குடுத்துட்டு சோறு ஊட்டுற வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க. அந்த ஆராய்ச்சி உண்மை. ஆனா அது சொன்னது வேற, நாம கேட்டுக்கிட்டது வேற. நீளமான த்ரெட், பெத்தவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ முதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனை, டாக்டர் ஜேம்ஸ் ரோஸர் குழு. 2007-ல் ஆர்கைவ்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் வெளியானது. லேப்ராஸ்கோப்பி பயிற்சிக்கு வந்த 33 டாக்டர்களை மூணு கேம் ஆட வச்சாங்க. அதுல ஒண்ணு சூப்பர் மங்கி பால். முன்னாடி வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல கேம் ஆடின பழக்கம் உள்ளவங்க, ஆடவே ஆடாதவங்களை விட 37% குறைவா தப்பு பண்ணாங்க, 27% வேகமா முடிச்சாங்க.

3/ சூப்பர் மங்கி பால், 2001-ல் ஜப்பானின் சேகா கம்பெனி வெளியிட்ட கேம். கண்ணாடி மாதிரி ஒரு பந்து, அதுக்குள்ள ஒரு குரங்கு. அந்தரத்துல தொங்குற மேடையில உருண்டு போய் கோலைத் தொடணும். இதுல வேடிக்கை என்னன்னா, பந்தை நீங்க தள்ள முடியாது. தரையைத்தான் சாய்க்கணும். கொஞ்சம் அதிகமா சாய்ச்சா பந்து வேகம் பிடிச்சு விளிம்பு தாண்டி விழுந்துடும். பெரும்பாலான மேடைக்கு 60 விநாடிதான்.

4/ இதுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்? லேப்ராஸ்கோப்பில வயித்துல சின்னத் துளை போட்டு, நீளமான கருவியை விட்டு, டிவி திரையைப் பார்த்து வேலை செய்யணும். துளைதான் அச்சு. அதனால கை இடது பக்கம் போனா, உள்ளே கருவியோட நுனி வலது பக்கம் போகும். ஆழத்தைத் தட்டையான திரையை வச்சே கணிக்கணும். கண் ஒரு இடம், கை ஒரு இடம், வேலை நடக்குறது இன்னொரு இடம். நேரா பிடிக்க முடியாத ஒண்ணை, சின்னச் சின்னத் திருத்தமா செஞ்சு வழிக்குக் கொண்டுவரணும். அந்தத் திறமையைத்தான் இந்தக் கேமும் கேக்குது. அதனால அந்த முடிவு எனக்கு ஆச்சரியமா இல்ல.

5/ இப்ப ஓட்டைகளைப் பாருங்க. பார்த்தது 33 பேரை. அத்தனை பேரும் ஏற்கெனவே டாக்டர்கள், குழந்தைகள் இல்ல. அளந்தது பயிற்சிப் பெட்டியில செய்த வேலையை, நோயாளி மேல செய்த ஆபரேஷனை இல்ல. எல்லாத்துக்கும் மேல, இது வெறும் தொடர்பு. நல்லா கோலம் போடுறவங்களுக்குக் கையெழுத்தும் அழகா இருக்கலாம். கோலம் போட்டதாலதான் கையெழுத்து வந்ததுன்னு சொல்லிட முடியுமா? கை சுத்தமா உள்ளவங்க ரெண்டையும் நல்லா செய்வாங்கன்னும் இருக்கலாமே.

6/ அந்த வாரம் 3 மணி நேரக் கணக்கைப் பிரிச்சுப் பாருங்க. நாளுக்கு 26 நிமிஷம்கூட வரல. கோடு அங்கதான் போட்டிருக்காங்க. கூடக் கூட நல்லதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. தினமும் நாலு மணி நேரத்துக்கு லைசென்ஸும் இல்ல. அப்புறம், ஐபோன் விற்பனைக்கு வந்ததே 2007-லதான். அந்த டாக்டர்கள் ஆடி வளர்ந்த கேமும் இன்னைக்கு உங்க பிள்ளை கையில இருக்குற கேமும் ஒண்ணு இல்ல.

7/ என் கோபமே இங்கதான். இன்னைக்கு போன்ல இலவசமா கிடைக்குற பந்து உருட்டுற கேம் பலதைத் திறந்து பாருங்க. பந்து விழுந்ததும் விளம்பரம். உயிர் திரும்ப வேணுமா, இன்னொரு விளம்பரம் பாரு. நாளைக்கு வந்தா பரிசு, வரலைன்னா போச்சு. சூப்பர் மங்கி பால்ல விழுந்தா பாடம்: ஏன் விழுந்தோம்னு யோசிச்சு மறுபடி சாய்க்கணும். இதுல விழுந்தா அவங்களுக்கு வருமானம். பிள்ளை யோசிக்க வேண்டிய அந்த நொடியை விலைக்கு வித்துடறாங்க. விளையாட்டுல உருப்படியா இருந்த ஒரே விஷயத்தைப் பிடுங்கிட்டு, பழைய ஆராய்ச்சியைக் கவசமா பிடிச்சா எப்படி?

8/ "அப்ப மட்டும் என்ன தர்மத்துக்கா குடுத்தாங்க?"னு கேப்பீங்க. நியாயம். மங்கி பால் முதல்ல வந்தது காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷினாத்தான். வீட்டுக்கு வந்த பதிப்புல வாழைப்பழத்து மேல டோல் கம்பெனி முத்திரையே இருக்கும். ஆனா பையில காசு தீர்ந்தா ஆட்டம் முடிஞ்சது. வீட்டுப் பதிப்புல ஆரம்பநிலைக்கு 10 மேடை, அடுத்த நிலைக்கு 30, நிபுணர் நிலைக்கு 50. முடிவுன்னு ஒண்ணு இருந்தது. முடிவே வராத மாதிரி செஞ்ச பொருளைக் குழந்தை கையில குடுத்துட்டு, "நிறுத்தவே மாட்டேங்குறான்"னு அவனைத் திட்டுறது அநியாயம்.

9/ எதிர்ப்பக்கம் நிக்குற என் சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "கேம்னாலே போதை"ன்னு மேடையில பேசாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியல்ல கேமிங் கோளாறு இருக்கு, உண்மைதான். ஆனா அதுக்கு வரையறை உண்டு. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாம போகணும், மத்த எல்லாத்தையும் விட அது பெருசாகணும், கெடுதல் வந்த பிறகும் தொடரணும். வாழ்க்கையே பாதிக்கப்படணும், அதுவும் பொதுவா 12 மாசம். லீவுல ஒரு மணி நேரம் ஆடுற பையனுக்கு அந்த முத்திரை குத்தினா, நிஜமா உதவி தேவைப்படுற பையனை நாமளே கூட்டத்துல தொலைச்சிடுவோம்.

10/ சரி, வீட்டுல என்ன செய்யலாம்? இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தோட 2021 வழிகாட்டுதல்: 2 வயசுக்குள்ள திரையே வேண்டாம் (சொந்தக்காரங்களோட வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு). 2 முதல் 5 வயசு வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரத்துல போன் கூடாது, எந்தக் காரணம் சொன்னாலும். பெரிய பிள்ளைன்னா கேமை நீங்க பத்து நிமிஷம் ஆடிப் பாருங்க. முடிவு இருக்கா? விழுந்தா விளம்பரம் வருதா? "நாளைக்கு வா"ன்னு மிரட்டுதா? பதில் சரியில்லைன்னா அழிச்சுடுங்க. ஒரு தடவை காசு குடுத்து வாங்குற, விளம்பரம் இல்லாத கேம் எவ்வளவோ மேல். அதையும் தூக்கத்துக்கும் தெருவுல ஓடி ஆடுறதுக்கும் போக மிச்ச நேரத்துல.

11/ சர்ஜனை உருவாக்குறது வருஷக்கணக்கான படிப்பும், சீனியர் பக்கத்துல நின்னு பிடிச்ச கருவியும். மங்கி பால் அதுக்கு ஒரு ஓரமா உதவலாம், அவ்வளவுதான். அடுத்த தடவை யாராவது "ஆராய்ச்சியே சொல்லிடுச்சு"ன்னா மூணே கேள்வி கேளுங்க: எத்தனை பேரு? யாரு? எந்த கேம்? பதில் வரலைன்னா போனைத் திருப்பி வாங்கி வைங்க.