மழை பெய்தாலும் நிற்காத கட்டணம்

ஏரி நிறைந்திருக்கும்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் பற்றி எந்த அரசும் பேசுவதில்லை. குடம் காலியான பிறகுதான் கோப்பு நகர்கிறது. அந்த அவசரத்துக்கு என்ன விலை என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்பர்னைப் பார்த்தால் தெரியும்.

1997இல் தொடங்கிய வறட்சி அங்கே பத்தாண்டைத் தாண்டியும் விடவில்லை. ஷவரில் வெந்நீர் வரும்வரை வீணாகும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லிட்டருக்குள் சமாளியுங்கள் என்று அரசே பிரச்சாரம் செய்தது. 2007இல், வொன்தாகி கடற்கரையில் ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரும் நிலையம் வரும் என்று மாநிலத்தை ஆண்ட லேபர் கட்சி அரசு அறிவித்தது. சுமார் 350 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டம் அது. 2009இல் தனியார் கூட்டமைப்புடன் ஒப்பந்தமும் முடிந்தது.

மறு ஆண்டே மழை கொட்டியது. நவம்பர் தேர்தலில் லேபர் தோற்றது. 2012 டிசம்பரில் கட்டுமானம் முடிந்தபோது அணைகளில் தண்ணீருக்குக் குறைவில்லை. புதிய அரசு ஒரு லிட்டர்கூட வேண்டாம் என்றது. ஆனால் தண்ணீர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆண்டுக்கு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியாக வேண்டும், அதுவும் 2039 வரை. 2017 மார்ச்சில்தான் முதல் கொள்முதல் தண்ணீர் வந்தது. அதுவரை மக்கள் தங்கள் பில்லில் ஓடாத இயந்திரத்துக்குக் கூலி கொடுத்தார்கள்.

நிலையமே வீண் என்று சொல்லமாட்டேன். பின்னாளில் அணைகள் இறங்கியபோது ஓராண்டுக்கு 12,500 கோடி லிட்டர் கேட்கப்பட்டது. தவறு ஒப்பந்தத்தின் கணக்கில். மழை பெய்தால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியில், முழுச் சுமையையும் பில் கட்டுபவர் தலையில் வைத்தார்கள்.

அதே ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் கதை வேறு. 1970களின் நடுவிலிருந்தே அங்கே மழை குறைந்துவிட்டது. 2005 மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் காலின் பார்னெட், வடக்கே கிம்பர்லியிலிருந்து சுமார் 3,700 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டுவேன் என்றார் (நதிநீர் இணைப்பு வாக்குறுதி நமக்கு மட்டும் உரியதல்ல), தோற்றார். 2006இல் க்வினானாவில் நிலையம் ஓடத் தொடங்கியது. திரும்பி வராத மழைக்கு ஈடு அது. அதனால் நிலையம் சும்மா கிடக்கிறது என்ற பேச்சே எழவில்லை.

சென்னை இதில் மெல்பர்ன் பக்கம்தான். 2015இல் வெள்ளம், 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர். மீஞ்சூரில் தனியார் நிலையத்திடம் 25 ஆண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் ஏற்கெனவே உண்டு. இப்போது சென்னையை அடுத்த பேரூரில் ஜப்பான் கடனில் நாளுக்கு 40 கோடி லிட்டர் நிலையம்; ஏறத்தாழ வொன்தாகியின் அளவு. ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டில் இதற்கு எவ்வளவு செலவாகும், அதைக் கட்டப்போவது வீடுகளா, தொழிற்சாலைகளா, அரசுக் கருவூலமா? பராமரிப்பு ஒப்பந்தத்தையும் கடன் நிபந்தனைகளையும் சட்டமன்றத்தில் வைத்து, அடுத்த வறட்சிக்கு முன்பே அரசு பதில் சொல்ல வேண்டும்.